சீவரம் கேட்பவரிடம் கேட்க வேண்டியவை



பௌத்தத்தைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். அதில் ஒரே ஒரு கட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று கேட்டு அனுமதி பெற்றேன். ஒருவர் வீட்டை விட்டு வெளியேறிப் பிக்குவாகவோ பிக்குணியாகவோ ஆவது என்று முடிவெடுக்கிறாரே, அந்தக் கட்டம். இது பழங்கதை அன்று. பத்து நாள் தியான முகாமுக்குப் போய்வந்த பிள்ளை, “நான் துறவு கொள்ளப் போகிறேன்” என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்கிறது. அம்மா அழுகிறார். அப்பா பேச்சை நிறுத்திவிடுகிறார். யாரிடம் போய்க் கேட்பது என்று அந்த வீட்டுக்குத் தெரிவதில்லை. பிள்ளைக்கும் தெரிவதில்லை. இந்த இரு தரப்புக்கும் பயன்படும்படி ஏதேனும் சொல்ல முடியுமா என்பதே என் கவலை.

சிதம்பரத்தில் நின்றுகொண்டு பிக்குவைப் பற்றிப் பேசினால், முதலில் நினைவுக்கு வருவது மாணிக்கவாசகர் வாதம். ஈழத்திலிருந்து வந்த பௌத்தர்கள் தில்லையில் வாதுக்கு நின்றார்கள், தோற்றார்கள், ஈழ மன்னனின் ஊமை மகள் வாய் திறந்து அவர்களுக்கு விடை சொன்னாள் என்று திருவாதவூரடிகள் புராணம் சொல்கிறது. திருவாசகத்தின் திருச்சாழல் அந்த விடைகளே என்பது மரபு. அந்தக் கதையில் பிக்கு தோற்றவர். அவர் ஏன் துறந்தார் என்று கதை கேட்பதில்லை. ஆனால் இதே தில்லையில், ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இன்னொரு பௌத்தத் துறவி இருக்கிறார். சாக்கிய நாயனார். திருச்சங்கமங்கையில் பிறந்தவர். பிறவித் துன்பம் தீரும் வழியைத் தேடிக் காஞ்சிக்குப் போய்ப் பௌத்தம் பயின்று, சாக்கியக் கோலம் பூண்டவர். பிறகு அவர் மனம் சிவனிடம் சென்றது. உடையை மட்டும் அவர் களையவில்லை. அந்தக் கோலத்தோடேயே நாள்தோறும் லிங்கத்தின் மேல் ஒரு கல்லை எறிந்து, அதையே பூசையாகக் கொண்டு, அதன் பிறகே உண்டார். அறுபத்து மூவர் வரிசை இருக்கும் எந்தச் சிவன் கோயிலிலும் பௌத்த ஆடை பூண்ட ஒருவருக்கு நாம் விளக்கேற்றுகிறோம். பிக்குவின் தேடலைச் சேக்கிழார் பொய் என்று சொல்லவில்லை. இதை நம் பௌராணிகர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

சரி, பிக்குவாக வேண்டும் என்பவர் என்ன செய்ய வேண்டும்? காவியுடுத்தி, தலையை மழித்துக்கொண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டால் அவர் பிக்கு ஆகிவிட மாட்டார். தன்னைத் தானே பிக்குவாக்கிக்கொள்ள வினயம் என்ற துறவியர் ஒழுங்கு நூலில் இடமில்லை. முதலில் சாமணேரர் என்ற புகுமுகத் துறவி நிலை, பத்து விரதங்கள். இருபது வயது நிரம்பிய பின் உபசம்பதை என்ற முழுத் துறவு. அதற்குச் சங்கம் கூட வேண்டும். நடுநாடு என்று நூல்கள் சொல்லும் கங்கைப் பகுதியில் பத்துப் பிக்குகள்; அதற்கு வெளியே ஐந்து பேர் போதும். அவர்கள் முன்னிலையில் வேட்பவரை நிறுத்திக் கேள்விகள் கேட்கிறார்கள். தொழுநோய், சயம், காக்கை வலிப்பு முதலிய நோய்கள் உண்டா? நீ மனிதன்தானா? அடிமையாக இல்லாதவனா? கடன் இல்லாதவனா? அரச சேவகத்தில் இல்லாதவனா? தாய் தந்தையர் இசைவு தந்தார்களா? இருபது வயது நிரம்பிவிட்டதா? பாத்திரமும் சீவரம் எனும் துறவாடைகளும் முழுமையாக உள்ளனவா? உன் பெயர் என்ன? உன் உபாத்தியாயர் பெயர் என்ன?

இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக, இன்றைக்கும், கொழும்பிலும் பாங்காக்கிலும் ரங்கூனிலும் இவைதான் கேட்கப்படுகின்றன. இவற்றை நான் வெறும் சடங்காக நினைக்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு வீட்டின் துயரமோ ஓர் ஊரின் குழப்பமோ இருக்கிறது. வினயத்தின் ஒரு பகுதியான மகாவக்கத்தைப் படித்தால் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மகதத்தில் ஒரு சமயம் ஐந்து நோய்கள் பரவின. பெயர் பெற்ற மருத்துவர் சீவகர், அரசருக்கும் புத்தர் சங்கத்துக்கும் வைத்தியம் பார்ப்பதிலேயே நேரம் போய்விட, பிறரைக் கவனிக்க இயலாமல் இருந்தார். நோயாளிகள் யோசித்தார்கள். துறவு வாங்கினால் சீவகர் கையால் வைத்தியம் கிடைக்கும், பிக்குகள் பணிவிடையும் செய்வார்கள். வாங்கினார்கள். குணமானதும் சீவரத்தைக் களைந்துவிட்டு ஊருக்குப் போனார்கள். அப்படிப் போன ஒருவரைச் சீவகரே தெருவில் பார்த்துவிட்டார். நோய் பற்றிய கேள்வி அப்படிப் பிறந்தது. எல்லையில் கலகம் மூண்டபோது போருக்குப் போக விரும்பாத வீரர்கள் துறவுக்குள் புகுந்தார்கள். மகத அரசர் பிம்பிசாரர் வந்து முறையிட்டார். சேவகம் பற்றிய கேள்வி வந்தது. கடன்காரர் ஒருவர் சீவரத்துக்குள் ஒளிந்தார். கடன் கொடுத்தவர்கள் ஏசினார்கள். கடன் பற்றிய கேள்வி வந்தது.

எல்லாவற்றிலும் உருக்கமானது பெற்றோர் இசைவு. புத்தர் கபிலவஸ்துவுக்கு வந்தபோது அவர் மகன் சிறுவன் இராகுலன் பின்னாலேயே போய், தனக்குரிய சொத்தைத் தரும்படி கேட்கிறான். சாரிபுத்தரைக் கொண்டு அவனுக்குத் துறவு கொடுக்கச் செய்கிறார் புத்தர். செய்தி தாத்தா சுத்தோதனருக்குப் போகிறது. மகன் போனான், இன்னொரு மகன் நந்தன் போனான், இப்போது பேரனும் போய்விட்டான். அந்த முதியவர் வந்து, பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்பையும் அறுத்து மச்சைவரை போய் நிற்கிறது, இனியாவது பெற்றவர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளைக்கும் துறவு கொடுக்காதீர்கள் என்று வேண்டுகிறார். புத்தர் மறுத்துப் பேசவில்லை. விதி செய்தார். தன் தந்தையின் கண்ணீரை ஏற்றுச் சங்கத்துக்கு விதி செய்த ஒருவரை, குடும்பத்தைப் பிரிப்பவர் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு சிறிய செய்தியும் அங்கே உண்டு. இந்தக் கேள்விகளை முதலில் சபை நடுவிலேயே கேட்டார்கள். வந்தவர்கள் கூசினார்கள், திகைத்தார்கள், வாயடைத்து நின்றார்கள். அதனால், முதலில் தனியே அழைத்துப்போய், இன்னின்ன கேட்பார்கள், உள்ளதைச் சொல், பயப்படாதே என்று சொல்லிக்கொடுத்து, பிறகு சபைக்கு அழைத்துவர வேண்டும் என்று முறையை மாற்றினார்கள். கடுமையான விதிகளுக்குள் இத்தனை பரிவு இருக்கிறது.

இந்த வினய நூல்களுக்கும் நமக்கும் தொலைவு அதிகம் என்று எண்ண வேண்டாம். உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் சோழநாட்டுப் பூதமங்கலத்து விகாரை ஒன்றில் இருந்துகொண்டு, வினயம் முழுவதையும் பாலிச் செய்யுளாகச் சுருக்கி, ‘வினய வினிச்சயம்’ எழுதினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்கள். களப்பிர அரசன் அச்சுத விக்கந்தன் காலம் என்று அவரே குறித்திருக்கிறார். துறவுக்கு வருபவரை எப்படிச் சோதிப்பது என்று உலகுக்குக் கையேடு எழுதித் தந்த ஊர் காவிரிப் படுகையில் இருந்தது.

இப்போது இன்னும் பக்கத்தில், கடலூருக்கு வருகிறேன். இன்று பௌத்தச் சான்று தேடிக் கடலூருக்குப் போகிறவர் அதைவிடப் பெரிதாகச் சமணச் சான்றைத்தான் காண்பார். திருப்பாதிரிப்புலியூர், பெரியபுராணத்தின் பாடலிபுத்திரம், பெரிய சமணப் பள்ளி இருந்த இடம். சர்வநந்தி என்ற முனிவர் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சியின் சிம்மவர்மன் ஆட்சியில், பாடலிகை என்ற ஊரில் ‘லோகவிபாகம்’ எழுதினார் என்று அந்நூலின் வடமொழி வடிவம் சொல்கிறது. அந்தப் பாடலிகை இந்தத் திருப்பாதிரிப்புலியூரே என்பது அறிஞர் பலர் கருத்து. சமணமும் பௌத்தமும் வேறு. ஆனாலும் வீட்டை விட்டுப் பள்ளிக்குள் புகும் முடிவு என்ற அளவில், நம் மண்ணில் நமக்கு முழுமையாகக் கிடைத்திருக்கும் வரலாறு அந்தப் பள்ளிக்குள் போன ஒருவருடையது. அவர் திருவாமூர் மருள்நீக்கியார். பின்னாளில் நாம் அப்பர் என்று கும்பிடுபவர்.

அந்தக் கதையை எல்லோரும் அப்பர் பக்கமிருந்தே கேட்டிருக்கிறோம். திலகவதியார் பக்கமிருந்து ஒரு முறை கேளுங்கள். தந்தை புகழனார் இறந்தார். தாய் மாதினியார் உடன் போனார். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். திலகவதியாரும் உயிரை விட நினைத்தார். சின்னத் தம்பி காலைப் பிடித்துக்கொண்டு, நீயும் போனால் நானும் போய்விடுவேன் என்றான். அவனுக்காக அந்தப் பெண் உயிரோடு இருந்தார். பொன்னும் மணியும் இல்லாமல், எல்லா உயிர்க்கும் இரங்கி, வீட்டுக்குள்ளேயே தவம் செய்தார். தம்பி வளர்ந்தான். உலகம் நிலையில்லை என்று கண்டான். அறச்சாலை வைத்தான், தண்ணீர்ப் பந்தல் வைத்தான், சோலை வளர்த்தான், பிறகு பாடலிபுத்திரத்துப் பள்ளிக்குப் போய்த் தருமசேனர் ஆனான். அக்காளிடம் கேட்டுவிட்டுப் போனான் என்று சேக்கிழார் ஓரிடத்திலும் சொல்லவில்லை. தனக்காகவே உயிர் தரித்திருந்த ஒருத்தியிடம் அவன் கேட்டிருக்க வேண்டாமா? வினயக் கேள்வி வரிசையில் தாய் தந்தைக்கு இடம் உண்டு, தாயாக இருந்து வளர்த்த அக்காளுக்குத் தனியே இடமில்லை என்பது விதியின் குறையும்கூட. திலகவதியார் திருவதிகை வீரட்டானத்துக்குப் போய், கோயிலை அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்துக்கொண்டு, தம்பி திரும்ப வேண்டும் என்று வேண்டியிருந்தார். எனக்கு இந்தக் கதையின் பெரிய துறவி அவர்தான்.

சூலை நோய் வந்தபோது தருமசேனர் சமையற்காரனை அக்காளிடம் அனுப்பினார். பள்ளிக்கு நான் வரமாட்டேன் என்று அக்காள் சொல்லியனுப்பினார். இரவோடு இரவாக, உடுத்த பாயையும் குண்டிகையையும் பீலியையும் போட்டுவிட்டு, வெள்ளாடை சுற்றிக்கொண்டு தம்பி திருவதிகைக்கு வந்தார். அக்காள் திருநீறு கொடுத்து உள்ளே அழைத்துப் போனார். எங்கே போயிருந்தாய், ஏன் போனாய் என்று ஒரு சொல் கேட்டதாக இல்லை. துறவை விட்டுத் திரும்பி வருபவரை ஏற்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பௌத்தமும் இதை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. ஒரு பிக்குவால் தொடர முடியவில்லையென்றால், புரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் முன்னால், நான் பயிற்சியை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு இல்லறத்துக்குத் திரும்பலாம். அது குற்றம் ஆகாது. பின்னொரு நாள் மறுபடி வந்து கேட்கவும் செய்யலாம். தாய்லாந்தில் இளைஞர்கள் ஒரு மழைக்காலம் மட்டும் பிக்குவாக இருந்துவிட்டு வந்து வேலையில் சேர்கிறார்கள்; அது அந்த வீட்டுக்குப் பெருமை. பர்மாவில் சிறுவர்களை அரசகுமாரர் போல அலங்கரித்து ஊர்வலமாக அழைத்துப்போய்ச் சில நாளுக்குச் சாமணேரர் ஆக்குகிறார்கள். இலங்கையில் மட்டும் சீவரம் களைவது இன்றும் தலைகுனிவாகப் பார்க்கப்படுகிறது. நம் வீடுகளும் அப்படித்தான். ‘போனவன் திரும்பி வந்துவிட்டான்’ என்ற பேச்சுக்குப் பயந்தே பலர் பொருந்தாத உடைக்குள் வாழ்நாளைக் கழிக்கிறார்கள். திரும்புகிற உரிமை இருப்பவருக்குத்தான் தங்குவது சத்தியமாகும்.

ஆனால் விலகிய பின் மறுபடி வந்து கேட்கும் உரிமை பெண்ணுக்கு இல்லை. விலகிய பிக்குணி மறுபடி பிக்குணியாக முடியாது என்று தேரவாத வினயம் வைத்திருக்கிறது. அது நீதியில்லை என்றே நான் கருதுகிறேன். பெண்களின் துறவுக்கு நேர்ந்த இன்னொரு கேட்டில் நம் பங்கும் உண்டு. 993இல் சோழர் படை அனுராதபுரத்தைக் கைப்பற்றியது. 1070 வாக்கில் முதலாம் விஜயபாகு நாட்டை மீட்டபோது, உபசம்பதை நடத்தப் போதிய பிக்குகளே இல்லை. பர்மாவிலிருந்து அழைத்துவந்தார். பிக்கு மரபு மீண்டது. பிக்குணி மரபு மீளவில்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை எழுதிக்கொடுத்த அதே இராசராசனின் படையெடுப்பு அது. தில்லையைப் பொன்னால் வேய்ந்த குலத்தின் புகழைப் பாடும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நல்வாய்ப்பாக, ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கைப் பிக்குணிகள் கப்பலேறிச் சீனம் போய் அங்குள்ள பெண்களுக்கு உபசம்பதை கொடுத்திருந்தார்கள். அந்த மரபின் வழிவந்த கிழக்காசியப் பிக்குணிகளின் துணையோடு 1996இல் சாரநாத்திலும் 1998இல் புத்தகயையிலும் இலங்கைப் பெண்கள் மறுபடி முழுத் துறவு ஏற்றார்கள். தேரவாத நாடுகளின் மூத்த பிக்குகள் பலர் இன்னும் அதை ஒப்பவில்லை. துறவு கொள்ள நினைக்கும் தமிழ்ப் பெண் இந்தச் சிக்கலை முன்பே அறிந்துகொண்டு போக வேண்டும்.

தமிழில் துறவு முடிவைப் பற்றிய ஆகப் பெரிய நூலான சாத்தனாரின் மணிமேகலை ஒரு பெண்ணைப் பற்றியது. மணிமேகலையின் துறவை முதலில் முடிவு செய்தவள் அவள் அல்லள், தாய் மாதவி. கோவலன் இறந்த செய்தி கேட்டு மாதவி தானும் துறந்து, மகளின் கூந்தலையும் களைவித்தாள் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. சாத்தனார் அத்தோடு நிறைவு கொள்ளவில்லை. தாய் எடுத்த முடிவை மகள் தன் முடிவாக ஆக்கிக்கொள்ள முப்பது காதைகள் எடுத்துக்கொள்கிறார். சோழ இளவரசன் உதயகுமரன் மேல் தன் நெஞ்சு போவதை அவள் மறைக்கவில்லை. அமுதசுரபி ஏந்திப் பசித்தவர்க்குச் சோறிடுகிறாள். சிறைச்சாலையை அறச்சாலை ஆக்குகிறாள். வஞ்சிக்குப் போய்ப் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், உலகாயதர் என்று எவரையும் விடவில்லை. காஞ்சியில் பஞ்சம் தீர்க்கிறாள். பௌத்த ஆசான் அறவண அடிகளிடம் தருக்கமும் தருமமும் கேட்கிறாள். கடைசிக் காதையில்தான் நோன்பு. சாத்தனார் காட்டும் ஒழுங்கு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது: முதலில் பிறர் பசி, பிறகு மாற்றார் வாதம், அதன்பின் நோன்பு.

துறவே எல்லோருக்கும் வழி என்று சொல்ல வரவில்லை. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டோடு கொழும்பு சென்று, வித்யோதயப் பிரிவேனையின் சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். சீவரம் வாங்கவில்லை. சென்னை திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டு, சித்த வைத்தியராகவும் ‘தமிழன்’ இதழாசிரியராகவும் 1914வரை இல்லறத்தில் இருந்தே தருமத்துக்கு உழைத்தார். அவர் ஒரு விகாரைக்குள் போயிருந்தால் தமிழ்ப் பௌத்தத்துக்கு அத்தனை கிடைத்திருக்காது. இந்தச் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் காவி உடுத்துக்கொண்டே நந்தனார் பள்ளியை 1916இல் தொடங்கினார், சட்டமன்றத்திலும் நின்று பேசினார். மருதூரில் பிறந்த வள்ளலார் வெள்ளையே உடுத்து, 1867இல் வடலூரில் பசித்தவர்க்காக அடுப்பு மூட்டினார்.

ஆகவே, துறவு கொள்ள வேண்டும் என்று எண்ணும் இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சங்கம் கேட்கும் கேள்விகளை நீங்களே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கல்விக்கடன் பாக்கி இருந்தால் அடைத்துவிட்டு வாருங்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடமும் ஆசாரியரிடமும் மறைக்காதீர்கள். நோயைத் தீர்த்துக்கொள்ளச் சங்கத்துக்குள் வந்தவர்களால்தான் அந்தக் கேள்வியே வந்தது. வேலையோ காதலோ கைவிட்டுப்போன அதே மாதத்தில் முடிவெடுக்காதீர்கள். போய்ச் சேர்ந்த பின்னும் ஐந்து ஆண்டு ஆசிரியரின் கீழ் இருந்தாக வேண்டும் என்பது வினயம். அந்த ஆசிரியர் யார், எந்த மொழியில் உங்களுக்குச் சொல்லித்தருவார் என்று தெரிந்துகொண்டு போங்கள். தமிழில் கேட்டு, தமிழில் விடை வாங்கி, சீவரம் தரும் நிலையில் சங்கம் நம் மாவட்டங்களில் இல்லை. பூதமங்கலத்தில் வினயம் எழுதிய நாட்டுக்கு அது பெரிய இழப்பு. தமிழ்நாட்டில் விகாரை கட்ட முயல்கிறவர்கள் புத்தர் சிலைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை மகாவக்கத்தை எளிய தமிழில் அச்சிட்டுத் தரவும், தமிழ் பேசும் ஆசிரியர்களைப் பயிற்றவும் ஒதுக்க வேண்டும்.

பெற்றவர்களிடம் சொல்வதற்குப் புத்தர் காலத்து ரட்டபாலர் கதை போதும். இசைவு தராத பெற்றோர் முன்னால் அந்த இளைஞர் உண்ண மறுத்து வெறுந்தரையில் கிடந்தார். நண்பர்கள் வந்து பெற்றோரிடம் சொன்னார்கள்: இங்கே கிடந்து செத்துப்போனால் இனிப் பார்க்கவே முடியாது, துறவியானால் பார்க்கலாம், துறவு பிடிக்கவில்லையென்றால் அவன் வேறெங்கே போவான், இங்கேதானே வருவான். பெற்றோர் இசைந்தார்கள், வந்து பார்க்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. அவரும் பின்னாளில் வந்தார்.

உங்கள் பிள்ளை இப்படி வந்து கேட்டால், சான்றிதழ்களைப் பூட்டி வைக்காதீர்கள், அவசரமாகப் பெண் பார்க்காதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள். எந்த விகாரைக்குப் போகிறார் என்று கேட்டு, நீங்களும் உடன் போய், அங்கிருக்கும் மூத்த பிக்குவைப் பாருங்கள். ஒரு மழைக்காலம் உபாசகராகத் தங்கிப் பார்க்கட்டும் என்று கேளுங்கள். பிறகு உங்கள் இசைவையோ மறுப்பையோ சொல்லுங்கள். எதைச் சொன்னாலும், திரும்பி வந்தால் வீடு திறந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.